ரோஸ்டர்: ஒரு ஒயிட் சாக்ஸ் ரசிகனின் சொல் விளக்கம்

ரோஸ்டர் (பெயர்ச்சொல்): 1. ஒரு விளையாட்டு அணியில் இடம்பெற்றிருக்கும் ஆட்டக்காரர்களின் அதிகாரப்பூர்வப் பட்டியல். 2. யாருக்கு எப்போது வேலை என்று முறை வகுத்து எழுதிய அட்டவணை. தமிழில்: அணிப்பட்டியல், ஆட்டக்காரர் பட்டியல், பணியிடத்தில் முறைப்பட்டியல்.

அகராதிக்கு இவ்வளவு போதும். பேஸ்பால் ரசிகர்களுக்கு, அதிலும் சிகாகோ ஒயிட் சாக்ஸ் ரசிகர்களுக்கு, இது போதாது. அவர்கள் வாயில் "ரோஸ்டர்" என்ற சொல் வந்தால் கூடவே பெருமூச்சும் வரும். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லின் பிறப்பு. இது டச்சு மொழிச் சொல். இறைச்சி வாட்டுவதற்காக நெருப்பின் மேல் வைக்கும் இரும்புக் கம்பித் தட்டுக்கு டச்சுக்காரர்கள் வைத்த பெயர். தாளில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக் கட்டம் கட்டினால் அதுவும் அந்தத் தட்டு மாதிரியே இருக்கும் அல்லவா, அதனால் கட்டம் போட்ட அட்டவணைக்கும் அதே பெயர் வந்தது. நெதர்லாந்துப் பள்ளிகளில் பாட அட்டவணைக்கு இன்றும் இந்தச் சொல்தான். ஓட்டலில் நாம் கேட்டு வாங்கும் நெய் ரோஸ்ட்டில் உள்ள "ரோஸ்ட்" இதற்கு உறவு. சேவலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒலி மட்டும்தான் ஏறக்குறைய ஒன்று.

ஆங்கிலத்துக்கு இது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராணுவம் வழியாக வந்தது. எந்த அதிகாரிக்கு எப்போது பணி முறை வருகிறது என்று எழுதி வைத்த தாள்தான் ரோஸ்டர். "முறை" என்பதே அதன் உயிர். நம்மிடம் புழங்கும் ரோஸ்டரும் அந்தப் பொருளில்தான் வந்தது. மருத்துவமனையில் செவிலியர்களின் டூட்டி ரோஸ்டர், ரயில்வேயில் ஓட்டுநர்களின் ரோஸ்டர், தமிழக அரசு வேலை நியமனத்தில் 200 புள்ளி ரோஸ்டர். கடைசியாகச் சொன்னதற்கு "இனச்சுழற்சி" என்று பெயர் வைத்தவர் யாரோ, அவரைப் பாராட்ட வேண்டும். பட்டியலை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சுழற்சியைப் பிடித்துக்கொண்டார். டச்சுச் சொற்கள் நேரடியாகவே தமிழுக்கு வந்ததும் உண்டு. அலுவலகத்தை ஈழத்தமிழர் "கந்தோர்" என்பது டச்சிலிருந்து வந்ததுதான். ரோஸ்டர் மட்டும் ஆங்கிலத்தின் வழியே சுற்றி வந்து சேர்ந்தது.

சரி, பேஸ்பாலுக்கு வருவோம். தமிழில் அடிபந்தாட்டம் என்றும் எழுதுகிறார்கள். களத்தில் இறங்குபவர்கள் 9 பேர். பந்தெறிபவருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒருவர் இருப்பதால் அவரையும் சேர்த்தால் 10. ரோஸ்டர் இதைவிடப் பெரியது. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு அணிக்கு இரண்டு ரோஸ்டர்கள். ஒன்று 26 பேர் கொண்டது. அன்றைய ஆட்டத்துக்குத் தகுதியுள்ளவர்கள் இவர்கள்தான். இதில் பிட்சர்கள், அதாவது பந்தெறிபவர்கள், 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. செப்டம்பரில் மட்டும் அந்த 26 என்பது 28 ஆகும். மற்றொன்று 40 பேர் கொண்டது. அந்த 26 பேரும் இதற்குள் அடக்கம். மீதிப் பேர் பெரும்பாலும் மைனர் லீக் எனும் கீழ்நிலை அணிகளில் ஆடிக்கொண்டு அழைப்புக்காகக் காத்திருப்பார்கள்.

40 கட்டமும் நிரம்பியிருக்கும்போது புதிதாக ஒருவர் வேண்டுமென்றால் ஒருவரை வெளியேற்ற வேண்டும். அப்படி ஒதுக்கப்பட்டவரை ஒரு வாரத்துக்குள் வேறு அணிக்கு மாற்ற வேண்டும், இல்லையேல் மைனர் லீக்குக்கு அனுப்பவோ விடுவிக்கவோ வேண்டும். நீண்ட நாள் காயம் என்றால் 60 நாள் காயப்பட்டியலில் வைக்கலாம். அப்போது 40இல் ஒரு கட்டம் காலியாகும். இந்தப் பட்டியலுக்கு முன்பு "ஊனமுற்றோர் பட்டியல்" என்ற பொருளில் பெயர் இருந்தது. 2019இல் அதை மாற்றினார்கள், நல்ல காரியம்.

இந்தக் கட்டங்கள் வெறும் பெயர் எழுதும் இடங்கள் இல்லை, காசு கணக்கு. ஒரு பருவத்தில் 172 நாட்கள் மேஜர் லீக்கில் இருந்தால் ஓராண்டுப் பணி. அப்படி 6 ஆண்டுகள் முடித்தவர் ஒப்பந்தம் இல்லாவிட்டால் விரும்பிய அணிக்குப் போகலாம். அதுவரை அவர் அந்த அணியின் கைக்குள்தான். ஆகவே ஒரு இளைஞரை ஏப்ரலில் சேர்ப்பதா, சில வாரம் கழித்துச் சேர்ப்பதா என்பதில்கூடக் கணக்கு உண்டு. ஐபிஎல்லில் எல்லா அணிக்கும் ஏலத்தில் ஒரே அளவு பணம். பேஸ்பாலில் அப்படி உச்சவரம்பு இல்லை. ஓர் அளவைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். குறைந்தது இவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. கடைசி இடத்தில் வந்தால் கீழ் லீக்குக்கு இறக்கிவிடும் வழக்கமும் இல்லை. பட்டியலில் யார் இருப்பது என்பதை உரிமையாளரின் மனசும் பையும்தான் தீர்மானிக்கின்றன.

ஒயிட் சாக்ஸின் உரிமையாளர் குழுவுக்கு 1981 முதல் தலைவர் ஜெர்ரி ரெய்ன்ஸ்டார்ஃப். 2005இல் அந்த அணி ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை ஆடிய நான்கு ஆட்டத்திலும் வென்று, மேஜர் லீக்கின் இறுதிப் பட்டமான உலகத் தொடரைக் கைப்பற்றியது. 1917க்குப் பிறகு கிடைத்த முதல் பட்டம், 88 ஆண்டுக் காத்திருப்பு. அந்த ஒரு வெற்றிக்காக ரசிகர்கள் அவருக்கு எவ்வளவோ விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் 1997இல் நடந்ததை மூத்த ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை. ஜூலை 31 அன்று அணி முதலிடத்துக்கு மூன்றரை ஆட்டம் மட்டுமே பின்னால் இருந்தது. இரண்டு மாதம் மீதி. அன்றைக்கு வில்சன் ஆல்வரெஸ், டேனி டார்வின், ராபர்ட்டோ ஹெர்னாண்டஸ் என்ற மூன்று பிட்சர்களைத் தூக்கி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டு ஆறு இளைஞர்களை வாங்கிக்கொண்டார்கள். "வெள்ளைக்கொடி வியாபாரம்" என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. ஆட்டக்காரர்கள் போராடத் தயாராக இருந்தபோது நிர்வாகம் கொடியை ஏற்றியது.

அண்மைக் கதை 2016 டிசம்பரில் தொடங்குகிறது. அணியின் மிகச் சிறந்த பிட்சர் கிறிஸ் சேல் பாஸ்டனுக்குப் போனார். பதிலுக்கு யோவான் மொன்காடாவும் மைக்கேல் கோபெக்கும் வந்தார்கள். மறுநாளே ஆடம் ஈட்டன் போனார், லூகஸ் ஜியோலிட்டோ வந்தார். 2017இல் ஹோசே கின்டானாவை அதே ஊரின் இன்னொரு அணியான கப்ஸுக்கே கொடுத்து எலோய் ஹிமேனெஸ், டிலன் சீஸ் இருவரையும் வாங்கினார்கள். இதற்கு "ரீபில்ட்" என்று பெயர். இப்போது தோற்போம், நாளைக்கு ஜெயிப்போம் என்ற வாக்குறுதி அது. ரசிகர்கள் நம்பினார்கள். 2018இல் 100 தோல்வி வந்தபோதும் பொறுத்துக்கொண்டார்கள்.

2019 தொடக்கத்தில் நட்சத்திர ஆட்டக்காரர் மேனி மச்சாடோவைச் சேர்க்க அணி ஆசைப்பட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? அவருடைய மைத்துனர் யாண்டர் அலோன்சோவையும் நண்பர் ஜான் ஜேயையும் முன்கூட்டியே அணியில் சேர்த்துக்கொண்டார்கள். மச்சாடோ 10 ஆண்டுக்கு 30 கோடி டாலர் கொடுத்த சான் டியேகோவுக்குப் போய்விட்டார். மைத்துனரும் நண்பரும் சிகாகோவில் தங்கிவிட்டார்கள். 26 பேர் பட்டியலுக்கு முந்தைய 25 பேர் காலம் அது. இருக்கும் 25 கட்டத்தில் இரண்டு போச்சு. அலோன்சோ அந்தப் பருவம் முடியும் முன்பே வெளியேற்றப்பட்டார். ஒரு பட்டியலை எப்படி நிரப்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்படியும் திறமை இருந்தது. 2020இல் அணி பிளேஆஃப் போனது. உடனே ரெய்ன்ஸ்டார்ஃப் தன் பழைய நண்பர் டோனி லருசாவை மேலாளராகக் கொண்டுவந்தார். வயது 76, கடைசியாக அணி நடத்தியது 2011இல். 2021இல் 93 வெற்றி பெற்றுப் பிரிவில் முதலிடம். அதோடு சரி. 2022இல் 81 வெற்றி, 81 தோல்வி. லருசா உடல்நிலை காரணமாக விலகினார். அந்தக் குளிர்காலத்தில் ஹோசே அப்ரேயு ஹூஸ்டனுக்குப் போனார். ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்கு 5 ஆண்டுக்கு 7.5 கோடி டாலர் கொடுத்தார்கள். இது அந்த அணி அதுவரை கொடுத்ததிலேயே மிகப் பெரிய ஒப்பந்தம். அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரம், நூற்றாண்டைத் தாண்டிய அணி, இதுதான் உச்சம்! பெனின்டெண்டி மேல் எனக்குக் கோபம் இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டார். மற்ற அணிகள் 20 கோடி, 30 கோடி என்று போகும் காலத்தில் 7.5 கோடியை உச்சமாக வைத்திருப்பவர்கள் மேல்தான் கோபம்.

2023இல் 101 தோல்வி. ஆகஸ்டில் நிர்வாகிகள் கென் வில்லியம்ஸ், ரிக் ஹான் இருவரையும் நீக்கிவிட்டு, உள்ளேயே இருந்த கிறிஸ் கெட்ஸை மேலே ஏற்றினார்கள். வெளியிலிருந்து புது ஆள், புதுக் கண் வரட்டும் என்று ரசிகர்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஜியோலிட்டோ அதற்கு முன்பே போயாகிவிட்டது. டிம் ஆண்டர்சனைத் தக்கவைக்கவில்லை. 2024 மார்ச்சில் சீஸ் சான் டியேகோவுக்குப் போனார்.

அந்த ஜூலையை மறக்க முடியாது. ஜூலை 10இல் தொடங்கி ஆகஸ்ட் 5 வரை ஒயிட் சாக்ஸ் தொடர்ந்து 21 ஆட்டம் தோற்றது. அதன் நடுவில், ஜூலை 25 அன்று, வாஷிங்டனில் டிலன் சீஸ் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது பந்தை அடித்துத் தளத்தை எட்டும் வாய்ப்பு ஒன்றைக்கூட, கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். ரீபில்டின் பெயரால் வாங்கி, சிகாகோவில் வளர்த்த பிட்சர், வேறு சட்டை போட்டுக்கொண்டு. அதே வாரத்துக்குள் கோபெக்கும் ஹிமேனெஸும்கூடப் போனார்கள். சேலையும் கின்டானாவையும் கொடுத்து வாங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று போக, ரசிகன் கையில் மிஞ்சியது மறுபடியும் "ரீபில்ட்" என்ற சொல்.

ஆகஸ்ட் 6இல் ஓக்லாந்தில் ஒரு வெற்றி. இரண்டு நாளில் மேலாளர் பெட்ரோ கிரிஃபோல் நீக்கம். செப்டம்பர் கடைசியில் சொந்த மைதானத்தில் மூன்று ஆட்டம். தோல்வி எண்ணிக்கை 120இல் நின்றது, 1962 நியூயார்க் மெட்ஸின் சாதனைக்குச் சமம். கூட்டம் "அணியை விற்றுவிடு" என்று முழங்கியது. அந்த மூன்றையும் ஆட்டக்காரர்கள் வென்றார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். பட்டியலில் இருந்தவர்கள் கைவிடவில்லை. அடுத்து டெட்ராய்ட்டில், செப்டம்பர் 27 அன்று 121ஆவது தோல்வி. 1900க்குப் பிறகு எந்த மேஜர் லீக் அணியும் ஒரு பருவத்தில் இத்தனை தோற்றதில்லை. முடிவில் 41 வெற்றி, 121 தோல்வி. 2025இலும் 102 தோல்வி. மூன்றாண்டு தொடர்ந்து மூன்று இலக்கம்.

இப்போது தமிழுக்கு. "ரோஸ்டர் சரியில்லை" என்று ரசிகர் சொல்வதை "பட்டியல் சரியில்லை" என்று மாற்றினால் ஏதோ எழுத்துப்பிழை மாதிரி ஒலிக்கிறது. "அணி சரியில்லை" என்றால் ஆட்டக்காரர்கள்மேல் பழி போகிறது. இரண்டும் வேண்டாம். நான் பயன்படுத்துவது இவை: மொத்தமாகக் குறிக்க "அணிப்பட்டியல்", 26 பேருக்கு "ஆட்டப்பட்டியல்", 40 பேருக்கு "ஒப்பந்தப் பட்டியல்", களமிறங்கும் வரிசைக்கு "அடி வரிசை". ரோஸ்டரை எப்படிக் கட்டினார்கள் என்று பேசும்போது "அணிச்சேர்ப்பு" என்பேன். "அணிச்சேர்ப்பு கோளாறு" என்றால் சேர்த்தவரைத்தான் கேட்கிறோம் என்பது தெளிவாக இருக்கும்.

"அணி" என்ற சொல்லே இங்கு அழகாகப் பொருந்துகிறது. நம் கணக்குப் பாடத்தில் நிரையும் நிரலுமாக எண்களைக் கட்டம்போல அடுக்குவதற்கு "அணி" என்றுதான் பெயர். டச்சுக்காரர் கம்பித் தட்டில் கண்ட கட்டம் தமிழில் அணிக்குள்ளேயே இருக்கிறது. "வீரர் பட்டியல்" என்று செய்தித்தாள்கள் எழுதுவதும் தவறில்லை. எனக்கு "அணிப்பட்டியல்" கூடுதல் பிடித்தம்.

ஆட்டப்பட்டியலில் உள்ளவரை ஒரே நாளில் நீக்கலாம். உரிமையாளரை நீக்க ரசிகனுக்கு எந்த வழியும் இல்லை. 2025 ஜூனில் அறிவித்த ஏற்பாட்டின்படி, முதலீட்டாளர் ஜஸ்டின் இஷ்பியாவுக்குக் கட்டுப்பாட்டை விற்க 2029 முதல் 2033 வரை ரெய்ன்ஸ்டார்ஃபுக்கு உரிமை உண்டு. 2034 பருவத்துக்குப் பிறகுதான் அதைக் கேட்டு வாங்கும் உரிமை இஷ்பியாவுக்கு வரும். ரெய்ன்ஸ்டார்ஃப் பிறந்தது 1936இல். 2029 வரை காத்திருக்கச் சொல்வதே அதிகம். அதற்குள் 7.5 கோடியைத் தாண்டி ஒரே ஒரு ஒப்பந்தமாவது போடுங்கள், வளர்த்த பிட்சர் ஒருவரையாவது 6 ஆண்டுக்குப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.