மூச்சுத்திணறல் அல்ல, மூச்சுத்தடை

அப்பாவைத் தூக்கப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். ஒரு தமிழ்ப் படிவம் கொடுத்தார்கள். 'உறக்கத்தில் மூச்சுத்திணறல் உண்டா?' அப்பா 'இல்லை' என்று எழுதினார். 'அதிகப்படியான பகல்நேரத் தூக்கம்?' 'மதியம் அரை மணி' என்று எழுதினார். இரண்டுமே பொய்யில்லை. அம்மாதான் டாக்டரிடம் சொன்னார்: "குறட்டை திடீர்னு நின்னுடும். சத்தமே இருக்காது. மூக்குகிட்ட விரல வச்சுப் பார்ப்பேன். அப்புறம் ஒரு உறுமலோட திரும்ப ஆரம்பிக்கும்."

அம்மா சொன்னதுதான் ஸ்லீப் ஆப்னியா, அதாவது உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. படிவத்தின் 'மூச்சுத்திணறல்' இதற்கான மொழிபெயர்ப்பு. ஆப்னியா கிரேக்கம். 'அ' என்றால் இல்லை, 'ப்னோயே' என்றால் மூச்சு. அவ்வளவுதான்.

இதில் திணறல் எங்கிருந்து வந்தது? நாளிதழ், மருத்துவக் குறிப்பு, விளம்பரம் எல்லாவற்றிலும் இதே சொல்தான். மாடி ஏறினால் திணறும், ஆஸ்துமா வந்தால் திணறும். திணறுகிறவருக்கு அது தெரியும். அதன் பெயர் டிஸ்ப்னியா, வேறு சங்கதி. ஆப்னியாவில் குறைந்தது 10 விநாடி காற்றோட்டம் நின்றுபோகிறது. மணிக்கு 5 தடவை வந்தாலே கணக்கில் எடுப்பார்கள், 30 என்றால் தீவிரம். தொண்டைத் தசை தளர்ந்து வழி மூடிக்கொள்ள, மூளை ஒரு கணம் விழித்துத் திறந்துவிடுகிறது. காலையில் பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது. சிலர் திணறி எழுவதுண்டு, சரி. ஆனால் அது மூச்சு நின்றதன் விளைவு. விளைவின் பெயரை நோய்க்கு வைத்தால், திணறாத நோயாளி 'இல்லை' என்றுதான் எழுதுவார்.

'மூச்சின்மை' என்பார்கள் தனித்தமிழ் அன்பர்கள். சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் பிணத்துக்கும் பொருந்துகிறதே! 'மூச்சடைப்பு' பரவாயில்லை. ஆனால் தொண்டை திறந்தே இருந்தும் மூளை கட்டளை அனுப்பாத வகை ஒன்று உண்டு, அங்கே அடைப்பே கிடையாது. என் ஓட்டு 'உறக்க மூச்சுத்தடை'க்கு. மின்தடை என்றால் நமக்கு விளக்க வேண்டுமா? போகும், வரும், மறுபடி போகும். கம்பி அறுந்தாலும் தடைதான், மின்நிலையமே அனுப்பாவிட்டாலும் தடைதான்.

அடுத்தது அந்தப் 'பகல்நேரத் தூக்கம்'. கேட்க நினைத்தது தூங்குவதைப் பற்றியல்ல, தூக்கம் அழுத்துவதைப் பற்றி. 'தூங்கி வழிதல்' என்று பச்சைத் தமிழ் இருக்கிறதே. தூங்கு என்பதற்குத் தொங்கு என்பது பழைய பொருள்; தூக்கணாங்குருவிக் கூட்டைப் பாருங்கள். பேப்பர் படிக்கையில் தலை தொங்கி விழுகிற அப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? 'ஒழுங்கற்ற தூக்கம்' என்றும் ஒரு கேள்வி. கெட்ட தூக்கமா, ஒருநாள் ஒன்பதுக்கும் மறுநாள் ஒரு மணிக்கும் படுப்பதா? பின்னதென்றால் 'வேளை தப்பிப் படுப்பீர்களா' என்று கேட்கலாமே. மூச்சுத்தடை இல்லாதவரும் வேளை தப்பிப் படுத்தால் பகலில் தூங்கி வழிவார். மருத்துவர் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டாமா? அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவர்கள் ஒருநாள் நோயாளி பக்கத்தில் உட்கார வேண்டும்.

பகலில் எவ்வளவு தூங்கி வழிகிறோம் என்று அளக்க ஆஸ்திரேலிய மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோலில் இந்தச் சிக்கலே இல்லை. உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, சிக்னலில் கார் நிற்கும்போது கண்ணயர்வீர்களா என்று எட்டுச் சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. கூட்டினால் பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். டாக்டர் அதை வாய்மொழியாகத் தமிழில் கேட்டார். 'மதியம் அரை மணி' என்று எழுதிய அப்பாவுக்கு 17.