ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள்

போன வாரம் நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கார் இழுவை வண்டியில் ஏறி என் பட்டறைக்கு வந்தது. பத்து வருடப் பழைய ஜெர்மன் செடான். இடது முன் சக்கரம் இல்லை. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் போல்ட் ஒன்று பாதி கழன்ற நிலையில் அப்படியே நின்றது. கூட வந்த தம்பிக்கு வலது கையில் கட்டு, இரண்டு விரல் நுனி நசுங்கியிருந்தது.

கழற்றிய சக்கரத்தைச் சேற்றில் போட மனமில்லாமல் காருக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறார். ஜாக்கி சாய்ந்தபோது கார் அந்தச் சக்கரத்தின் மேல்தான் உட்கார்ந்தது. அலாய் ரிம்மின் விளிம்பு உள்ளே மடங்கி, அதில் காரின் பெயிண்ட் ஒட்டியிருந்தது. சக்கரம் தாங்கியதால் மிஞ்சிய எட்டு அங்குல இடைவெளியில்தான் தம்பியின் நெஞ்சு இருந்திருக்கிறது. இந்த மழைக்காலத்தில் இப்படி என் கண்ணுக்கு வந்தது இது மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

சொந்தமாக வேலை செய்வது தப்பென்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ உழைத்துச் சேர்த்த காசில், புது சின்னக் கார் விலைக்குப் பழைய சொகுசுக் கார் கிடைக்கிறது. வாங்கிய பிறகுதான் தெரிகிறது, வண்டி விலை இறங்கியிருக்கிறதே தவிர ஸ்பேர் விலை இறங்கவில்லை என்று. இந்தக் கார்களைத் தொடத் தெரிந்தவர்களும் நம் பக்கம் குறைவு. திருச்சிக்கோ சென்னைக்கோ அனுப்பினால் இழுவைச் செலவே கையைக் கடிக்கும். வீடியோ பார்த்து ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்கள். ஆயில், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், பேட்டரி, வைப்பர் எல்லாம் தாராளமாக நீங்களே மாற்றுங்கள். சக்கரத்தையும் பாடியையும் இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் அப்படி இல்லை. அதில் வண்டியின் மொத்தப் பாரமும் இருக்கிறது.

நான் கேட்டவுடன் அந்தத் தம்பி சொன்ன பதில் இது: "ஜாக்கி நல்லாத்தான் தாங்குச்சு அண்ணே, அரை மணி நேரம் அசையவே இல்ல."

இந்த ஒரு வார்த்தையை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்! அசையாமல் நின்றது, நீங்கள் அதுவரை அதை அசைக்காததால். ஜாக்கி செங்குத்தாக இறங்கும் பாரத்துக்காகச் செய்தது. ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் பால் ஜாயிண்டின் துருப்பிடித்த நட்டுக்கு இரண்டடி பைப்பைச் செருகி, காலை ஊன்றி இழுக்கிறீர்களே, அந்த இழுப்பு போவது பக்கவாட்டில். நட்டு கழன்றால் தப்பித்தீர்கள். கழலாவிட்டால் காரே நகரும். சுத்தியலால் நாலு தட்டு தட்டினாலும் அதே கதை. எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கியில் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்தான் அத்தனை பாரத்தையும் பிடித்திருக்கிறது. அது கசிய ஆரம்பித்தால் உங்களுக்குச் சொல்லிவிட்டு இறங்காது. "ரெண்டு டன் ஜாக்கி" என்று மேலே எழுதியிருப்பது, அது எவ்வளவு தூக்கும் என்பதற்கு. எவ்வளவு நேரம் பிடித்து நிற்கும் என்பதற்கு இல்லை. பிடித்து நிற்க ஸ்டாண்டு என்று தனியாக இரும்புத் தாங்கி ஒன்று இருக்கிறது. வேலை தொடங்கும் முன் காரின் பாரம் ஜாக்கியை விட்டு ஸ்டாண்டுக்கு மாறியாக வேண்டும்.

அந்தத் தம்பி வைத்தது தன் அண்ணனுடைய சின்னக் காரோடு வந்த ஜாக்கி. ஆயிரம் கிலோகூட வராத வண்டிக்குக் கொடுத்தது. இந்தக் காரோ அதைப் போல இரண்டு மடங்கு. உயரம் எட்டவில்லை என்று கீழே ஒரு செங்கல். அந்தச் செங்கல் நின்றது களத்து மண்ணில். நம் வண்டல் களியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசியில் ஒரு மழை பெய்தால் கால் புதையும். செங்கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஹாலோ பிளாக்கும் அப்படித்தான், வளையாது, முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். தென்னங்கட்டை உருளும். பலகை போட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஈர மண்ணில் போதாது. சிமெண்ட் தரைக்கு வாருங்கள். அதுவும் சமமான தரையாக இருக்க வேண்டும். நம் வீட்டுப் போர்ட்டிகோவில் பாதி, தண்ணீர் ஓடத் தெருப்பக்கம் சரிவாகப் போட்டது.

அடுத்தது, "ஆட்டோமேட்டிக் கியரை பார்க்கில் போட்டு ஹேண்ட் பிரேக்கும் இழுத்துட்டேன்." பென்ஸ், பி.எம்.டபிள்யூ செடான்களில் பெரும்பாலானவை பின்சக்கர இழுவை. ஹேண்ட் பிரேக்கும் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும், கியரின் பார்க் நிலையும் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கம் இரண்டையும் தூக்கிவிட்டால் தரையில் இருப்பது சுதந்திரமாக உருளும் முன்சக்கரங்கள் மட்டுமே. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் ஜாக்கியைத் தொடவே தொடாதீர்கள்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால் இன்னும் கவனம். 2005 முதல் 2013 வரை வந்த பென்ஸ் எஸ் கிளாஸ் மாதிரி வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை, ஆம்னி பஸ்ஸில் இருப்பது போல. காற்று இறங்கினால் பாடி சக்கரத்தின் மேல் படுத்துவிடும். சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவான வீல் ஆர்ச்சுக்குள் கையோ தலையோ இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க எனக்கு மனமில்லை. ஜாக்கியில் தூக்கியதும் சக்கரம் தொங்குவதைப் பார்த்து, உயரம் கூடிவிட்டது என்று கணக்குப் போட்டு வண்டி தானே காற்றை வெளியே விடப் பார்க்கும். இதை நிறுத்தி வைக்கும் ஜாக் மோடு வண்டியில் இருந்தால் போட்டுவிட்டுத் தூக்குங்கள். அந்த நேரத்தில் வண்டிச் சாவியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், சாவி போட்டால் வண்டி உயரத்தை மாற்றப் பார்க்கும்.

ராத்திரி நிமிர்ந்து நின்ற கார் காலையில் ஒரு மூலை சாய்ந்திருக்கிறதா? காரை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, காற்றுப் பையில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள், கசிவு குமிழியிடும். இந்த வேலையை நீங்களே செய்யலாம். கசிவைத் தள்ளிப்போட்டால் பைக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடிக் கருகும். அப்புறம் ஒரு செலவு இரண்டாகும். ஆனால் பையைக் கழற்றுவது வேண்டாம், உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கும்.

ஸ்பிரிங் உள்ள வண்டியிலும் ஷாக் அப்சார்பரை மட்டும் தனியாக மாற்றலாம் என்று, மேல் நட்டைக் கழற்றிவிடுகிறார்கள். ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் சுருண்டு நூற்றுக்கணக்கான கிலோ விசையோடு காத்திருக்கிறது. கட்டுக்கம்பி, பைக் செயின் போட்டுக் கட்டிவிட்டு நட்டைத் திருகியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் சரியான ஸ்பிரிங் கம்ப்ரஸர் கருவி இல்லாமல் அந்த நட்டைத் தொடாதீர்கள், தயவுசெய்து.

ஒரு விஷயத்தை மெக்கானிக்குகளுக்காகவும் சொல்லிவிடுகிறேன். புது ஆர்ம் போட்டு ஆறு மாதத்தில் அதிலுள்ள ரப்பர் புஷ் கிழிந்துவிட்டது, டூப்ளிகேட் மாட்டிவிட்டார்கள் என்று சண்டைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டியில் ஸ்பேர் ஒரிஜினல்தான். மாட்டியவர்கள் சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுசாக முறுக்கிவிட்டிருப்பார்கள். வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், ஒவ்வொரு வேகத்தடைக்கும் இன்னும் முறுக்கும். பாரம் சக்கரத்தில் இறங்கி, வண்டி தன் உயரத்துக்கு வந்த பிறகுதான் கடைசி முறுக்கு, அதுவும் முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில். மறுபடி போடக்கூடாது என்று கம்பெனி சொன்ன போல்ட்டை மறுபடி போடாதீர்கள். அலைன்மெண்ட் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள்.

ஸ்டாண்டு வைத்த பிறகு, உள்ளே போகும் முன் காரைக் கையால் நன்றாகத் தள்ளிக் குலுக்குங்கள். விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைப் பாடிக்கு அடியில் படுக்க வையுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் வேலை செய்யாதீர்கள். யாராவது அடியில் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், காரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். இன்னொரு ஜாக்கியால் தூக்கி, கட்டை கொடுத்து, அப்புறம் வெளியே எடுங்கள். 108-க்குப் போன் அதற்கும் முன்னால் போயிருக்க வேண்டும்.

லட்ச ரூபாய் சஸ்பென்ஷனை மிச்சம் பிடிக்கிறவர்கள் சில ஆயிரம் ரூபாய் ஸ்டாண்டு வாங்க யோசிக்கிறார்கள். சரி, வாங்க வேண்டாம். என் பட்டறையில் இரண்டு ஜோடி சும்மா இருக்கிறது. கும்பகோணம் பக்கம் வந்தால் எடுத்துப் போங்கள், வாடகை கிடையாது, சக்கரத்துக்கு வைக்கும் கட்டையும் சேர்த்துத் தருகிறேன். அந்தத் தம்பியும் நேற்று ஒரு ஜோடி வாங்கிப் போனார், இடது கையால்.