கைப்பேசியின் அலை உண்மையில் எவ்வளவு தூரம் போகிறது?

பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இருவர் போனில் பேசினாலும், அந்த இரண்டு போன்களும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. ஒருவரின் குரல் முதலில் டவருக்குப் போகிறது. அங்கிருந்து பெரும்பாலும் கண்ணாடி இழை வழியாக நிறுவனத்தின் மையத்தை அடைந்து, மறுபடி டவருக்கு வந்து, அப்புறம்தான் அடுத்த நாற்காலிக்கு வருகிறது. போனுக்கும் டவருக்கும் நடுவே உள்ள தூரத்தை மட்டும்தான் போனின் நுண்ணலை கடக்கிறது.

போன்கள் பயன்படுத்தும் அதிர்வெண்களில் ஒன்றான 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 33 செ.மீ. ஆண்டெனாவுக்கு அதில் கால் பங்கு, அதாவது 8 செ.மீ. இருந்தால் போதும். அதனால்தான் அது வெளியே நீட்டிக்கொண்டிராமல் போனின் ஓரத்திலேயே அடங்கிவிடுகிறது.

குரல் அப்படியே அலையில் ஏறுவதில்லை. சாதாரண அழைப்பில் ஒலி நொடிக்குக் குறைந்தது 8,000 முறை அளக்கப்பட்டு, 20 மில்லிநொடித் துண்டுகளாகச் சுருக்கப்பட்டு, 0, 1 என்ற எண் வரிசையாகிறது. அலையின் வீச்சையும் (உயரம்) கட்டத்தையும் (ஏறி இறங்கும் சுழற்சியில் அலை இருக்கும் நிலை) லேசாக மாற்றி மாற்றி போன் அந்த எண்களை அனுப்புகிறது.

எனக்கு இதில் தீராத வியப்பு, வந்து சேரும் அலையின் மெலிவுதான். சிக்னல் சுமாராக உள்ள இடத்தில், ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் போனுக்குக் கிடைக்கும். அதிலிருந்தே முழு உரையாடலையும் போன் மீட்டெடுத்துவிடுகிறது!

போன் அனுப்பும் ஆற்றலும் சின்னதுதான். 4ஜி போனில் பொதுவாக அதிகபட்சமே 0.2 வாட். டவர் அருகில் இருந்தால் அதையும் குறைத்துக்கொள்ளும். 3ஜியில் எல்லாப் போன்களும் ஒரே அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் பேசுவதால், அருகிலுள்ள போன் உரக்கக் கத்தினால் தொலைவிலுள்ளது அமுங்கிப்போகும். அதைத் தடுக்க, 'கூட்டு', 'குறை' என்று டவர் ஒவ்வொரு போனுக்கும் நொடிக்கு 1,500 முறை கட்டளையிடுகிறது.

டவர் பக்கத்தில் இருக்கிறதே என்று பயப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காதை ஒட்டி இருப்பது டவர் இல்லை, போன். டவர் தள்ளிப்போகப் போக, அந்தப் போன்தான் கூடுதல் ஆற்றலில் அனுப்ப வேண்டியிருக்கிறது. சிக்னல் ஒரு கோடாகக் குறைந்த இடத்தில் பேட்டரி சீக்கிரம் இறங்குவதற்கும் இது ஒரு காரணம்.

அலை தூரம் போகாததில் ஒரு பெரிய லாபமும் உண்டு. ஒரு வட்டாரத்தில் பயன்படுத்திய அதிர்வெண்ணைச் சற்றுத் தள்ளி இன்னொரு வட்டாரத்தில் மறுபடி பயன்படுத்தலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வகப் பொறியாளர் டக்ளஸ் ரிங் 1947-லேயே முன்வைத்த யோசனை இது. நெரிசலான இடங்களில் டவர்களை நெருக்கமாக வைப்பதும் இதற்காகத்தான்: வட்டாரம் சின்னதாக ஆக, அதே அலைவரிசையில் இன்னும் நிறையப் பேர் பேச முடியும்.