அக்னாஸ்டிக்: நாத்திகர் இல்லை, அப்புறம் யார்?

கடவுள் உண்டா என்று கேட்டால் உண்டு என்பவர் ஆத்திகர், இல்லை என்பவர் நாத்திகர். விடை அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது: வடமொழியில் அஸ்தி என்றால் உண்டு, நாஸ்தி என்றால் இல்லை. சரி, "எனக்குத் தெரியாது" என்பவர்? ஆங்கிலத்தில் அவர் அக்னாஸ்டிக். தமிழில் அவரையும் நாத்திகர் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். அது பிழை.

சொல்லை 1869-இல் உருவாக்கியவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக மேடையேறி வாதாடிய உயிரியலாளர். மதவாதிகளும் அறிவியலாளர்களும் சேர்ந்து விவாதித்த லண்டன் கழகம் ஒன்றில் அவரும் இருந்தார். அங்கே ஆளுக்கொரு 'இசம்' இருந்தது, அவருக்கு மட்டும் எதுவும் இல்லை. பொறியில் வாலைப் பறிகொடுத்துவிட்டு, வாலுள்ள கூட்டாளிகள் முன்னே வந்து நின்ற நரியின் சங்கடம் தனக்கு என்று 1889-இல் அதை நினைவுகூர்ந்தார். பழைய கிறித்தவத்தில் மறைஞானம் பெற்றதாகச் சொல்லிக்கொண்டவர்களுக்கு 'க்னாஸ்டிக்' என்று பெயர். ஹக்ஸ்லி அதன் முன்னால் கிரேக்க எதிர்மறையான 'அ'வைச் சேர்த்தார்.

கிரேக்க 'க்னோ'வும் ஞானத்தில் உள்ள 'ஞா'வும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அப்படியானால் அக்னாஸ்டிக்கை அஞ்ஞானி என்று சொல்லலாமா? கூடாது. வேர் பொருந்துகிறது, பொருள் கவிழ்கிறது. அஞ்ஞானி தன் அறியாமையை அறியாதவர். இவரோ தன் அறிவின் எல்லையை அறிந்து சொல்பவர்.

டார்வின் 1879-இல் எழுதிய கடிதம் ஒன்றில், கடவுளை மறுக்கும் நாத்திகனாகத் தான் ஒருபோதும் இருந்ததில்லை, அக்னாஸ்டிக் என்பதே தன் மனநிலைக்குப் பொருந்தும் என்கிறார். இரண்டு சொல்லுக்கும் நாத்திகர் என்றே போட்டால் இந்த வாக்கியம் என்ன ஆகும்? தான் நாத்திகன் இல்லை, நாத்திகன் என்று அவரே சொன்னதாக முடியும்!

தமிழில் 'அறியவியலாமைக் கொள்கை' என்ற கலைச்சொல் புழங்குகிறது. கடவுளை எக்காலத்திலும் அறிய முடியாது என்று வாதிடுவோருக்கு அது கச்சிதம். ஹக்ஸ்லி சொன்னதோ அறிவியலாளரின் ஒழுங்கு: நிறுவப்படாததை உறுதி என்று சொல்லாதே. இது நம்புகிறவருக்கும் பொருந்தும், மறுப்பவருக்கும் பொருந்தும். அதில் 'இயலாமை'யைவிட 'அறியேன்' என்ற நேர்மைதான் மேலோங்கி நிற்கிறது. ஆகவே கொள்கையைக் குறிக்கும்போது அறியவியலாமை என்றும், ஆளைக் குறிக்கும்போது 'அறியேன் என்பவர்' என்றும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் டார்வினின் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் பொருள் சிதையாமல் நிற்கிறது.