நெஞ்சில் சீழ்: ட்யூபுக்குப் பயந்து நாளைக் கடத்தாதீர்கள்

மறுபடியும் ஒரு நோயாளி, தாமதமாக. நிமோனியாவுக்கு மருந்து தொடங்கியும் காய்ச்சல் விடவில்லை. நெஞ்சில், நுரையீரலுக்கும் விலாக்கூட்டுக்கும் நடுவே சீழ் கோத்திருக்கிறது, ட்யூப் போட்டு வடிக்க வேண்டும் என்று சொல்லியும் வீட்டார் ஒப்பவில்லை. வாரக்கணக்கில் ஊசி மருந்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு என்று எங்களிடம் வந்தபோது ஒரு பக்க நுரையீரல் அமுங்கிக் கிடந்தது.

"இன்னும் வீரியமான ஆன்டிபயாடிக் கொடுத்தால் வற்றிவிடாதா டாக்டர்?" எல்லாரும் கேட்பது இதைத்தான். வற்றாது. மருந்து ரத்தத்தின் வழியாகப் போகிறது. தேங்கிய சீழுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. கொஞ்சம் ஊறிப் போனாலும், சில மருந்துகள் அங்குள்ள அமிலத்தன்மையில் சரியாக வேலை செய்யாது. ஆன்டிபயாடிக் வேண்டும்தான், வாரக்கணக்கில் வேண்டும். ஆனால் சீழை அது வெளியேற்றாது. பழங்கால கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் காலத்திலேயே நெஞ்சைத் திறந்து சீழை வடித்திருக்கிறார்கள்.

ஊசியில் எடுத்துப் பார்த்தது சீழாக இருந்தாலோ, அந்த நீரின் பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.2-க்குக் கீழே இருந்தாலோ ட்யூப் போடச் சொல்வோம். ஆரம்பத்தில் அதிலேயே பெரும்பாலும் வடிந்துவிடும். நாள் போனால் உள்ளே நார்நாராகத் தடுப்பு விழுந்து தனித்தனி அறைகளாகிவிடும். அப்போது ட்யூப் வழியாகக் கரைக்கும் மருந்து செலுத்தலாம், அல்லது சிறு துளைகளில் கேமரா விட்டுச் சுத்தம் செய்யலாம். அதையும் தள்ளிப்போட்டால் நுரையீரலைச் சுற்றித் தடித்த தோல் இறுகிவிடும். அதை உரித்தெடுக்கும் டீகார்டிகேஷன் பெரிய ஆபரேஷன். ரத்தம் போகும், காற்று கசியும். நாங்கள் எடுப்பது அந்தத் தோலைத்தான், நுரையீரலை அல்ல. "நுரையீரலையே வெட்டிவிடுவார்கள்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் பலரும் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள்.

மருந்து தொடங்கி 3 நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லையா, மூச்சை இழுத்தால் விலாவில் குத்துகிறதா? மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அல்ட்ராசவுண்டும் தேவையா என்று கேளுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். சொத்தைப் பல்லையும் ஈறு நோயையும் அலட்சியப்படுத்தாதீர்கள். வாயிலிருக்கும் கிருமி நெஞ்சுக்கு இறங்கும்.

ட்யூப் இருக்கும்போது, சீழ் வடிந்து சேரும் பாட்டிலை நெஞ்சுக்கு மேலே தூக்கவே கூடாது. வலிக்கிறது என்று மூச்சுப் பயிற்சியை விடாதீர்கள், வலிக்கு மருந்து கேளுங்கள், தருவோம். அப்புறம், காரணம் காசநோய் என்றால் சீழ் வடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

ட்யூப் போடச் சொன்னால் சந்தேகம் வருவது இயல்பு. இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். தயவுசெய்து அன்றைக்கே கேளுங்கள்.