பதினான்கு இலக்க எண்ணும் போகியில் எரிந்த கோப்பும்

பழைய மருத்துவக் கோப்பு இல்லாமல் நோயாளி வருவது, பொங்கலுக்குப் பிறகு இது மூன்றாவது முறை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவை மகன் அழைத்து வந்தார். இதய வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர். ஈறில் ரத்தம் நிற்கவில்லை. "பழைய ஃபைல் எங்கே தம்பி?" என்றேன். "போகிக்கு எரித்துவிட்டோம், டாக்டர். எல்லாம் இந்த நம்பரில் இருக்கிறதாமே" என்று ஆபா அட்டையை, அதாவது பதினான்கு இலக்க மருத்துவ அடையாள எண் உள்ள அட்டையை, நீட்டினார்.

அந்த எண்ணோடு ஒரு தாள்கூட இணைக்கப்படவில்லை. எந்த வகை வால்வு, மாத்திரை எத்தனை மில்லிகிராம், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு கடைசியாக என்ன, எதுவும் தெரியாது. பரிசோதனை முடிவு வரும்வரை அந்த அம்மா எவர்சில்வர் கிண்ணத்தில் துப்பிக்கொண்டே இருந்தார். துப்பியதெல்லாம் சிவப்பு.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். ஆபா எண் உங்கள் மருத்துவக் கோப்பு அல்ல; காப்பீட்டு அட்டையும் அல்ல. பட்டா எண் கையில் இருந்தால் நெல் களத்துக்கு வந்துவிடுமா? டெல்லியில் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் நம் சீட்டுகளெல்லாம் அடுக்கப்பட்டிருப்பதாகப் படித்தவர்களே நம்புகிறார்கள். இல்லை. 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில், ஆவணம் அது உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். அந்த மருத்துவமனை அதை உங்கள் ஆபா எண்ணோடு இணைத்து, நீங்களும் ஒப்புதல் தந்தால்தான் அடுத்த மருத்துவரிடம் போகும். இணைக்காவிட்டால் அது வெறும் எண்.

ஒரே இடத்தில் குவிக்காதது சரியான தேர்வு என்றே நினைக்கிறேன். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் ஹேக்கர்களால் தாக்கப்பட்டபோது அங்கே நாட்கணக்கில் கையால் எழுதினார்கள். ஓர் உடைப்பில் எல்லாம் போவது எப்படி என்று கொள்ளிடக் கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வேலை பாதியில் நிற்கிறது. திட்டத்தில் சேர்வது மருத்துவமனையின் விருப்பம். பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. இந்தத் திட்டமோ தேசிய சுகாதார ஆணையத்தின் கையில். சுகாதாரத் தகவலுக்கான தனிச் சட்டம் 2018-இல் வரைவாக வந்து, வரைவாகவே நின்றுவிட்டது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், புற்றுநோய்ப் பரிசோதனை முடிவையும் கடையில் சொன்ன கைபேசி எண்ணையும் வெவ்வேறு வகையாகப் பிரிக்கவில்லை. எஸ்டோனியாவில் தன் ஆவணத்தை யார் திறந்து பார்த்தார் என்பதை நோயாளியே பார்க்கலாம். மதகைத் திறந்தது யார் என்று கணக்குக் கேட்கிற ஊர் நம்முடையது. நம் ரத்தப் பரிசோதனையைத் திறந்தது யார் என்றும் கேட்க வேண்டாமா? அந்தப் பதில் தமிழில் வர வேண்டும்.

அதுவரை கோப்பை எரிக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் படமெடுத்து வீட்டில் இருவர் கைபேசியில் வையுங்கள். கவுண்டரில் ஓடிபி கேட்டால், எதற்கு என்று தெரிந்துகொண்ட பிறகே சொல்லுங்கள். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் முடியும். மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன் "ஆபாவில் இணைத்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள், கூச்சம் வேண்டாம். வார்ஃபரின் சாப்பிடும் அம்மாக்களே, மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சுருக்குப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கே.