பாம்புக்கடி இறப்புகள்: பதிவேட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

2005ஆம் ஆண்டில் இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 45,900 பேர். 2011இல் வெளியான ‘மில்லியன் டெத் ஸ்டடி’ ஆய்வு சொன்ன கணக்கு இது. அரசு மருத்துவமனைகள் மேலிடத்துக்கு அனுப்பிவந்த கணக்கோ இதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை.

மருத்துவர்களும் நோயாளிகளுக்காகப் பேசும் அமைப்புகளும் அரசிடம் ஒரு கோரிக்கை வைக்கும்போது, அதற்கு வேண்டிய தரவுகளைத் திரட்டி அலசித் தருவது என் வேலை. இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்த இரண்டு எண்களைப் பற்றித்தான். இரண்டிலுமே பொய் இல்லை. மருத்துவமனை, தன் கட்டிலில் இறந்தவரை எண்ணியது. ஆய்வு வீடு தேடிப் போனது. தேர்ந்தெடுத்த சில ஊர்களில் மட்டும் பிறப்பு, இறப்புகளைத் தொடர்ந்து எண்ணும் இந்தியத் தலைமைப் பதிவாளரின் மாதிரிப் பதிவுத் திட்டத்தில் வரும் ஊர்களில், இறப்பு நடந்த வீடுகளுக்குக் களப்பணியாளர்கள் சென்று, கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அதை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்து இறப்புக்கான காரணத்தை முடிவு செய்தார்கள். அப்படிப் பார்த்தபோது, பாம்பு கடித்து இறந்தவர்களில் 23 சதவீதத்தினர்தான் மருத்துவமனையில் இறந்திருந்தார்கள். மற்றவர்கள் வீட்டிலும் வயலிலும் போகிற வழியிலும் போய்விட்டார்கள். அவர்கள் பெயர் எந்த உள்நோயாளிப் பதிவேட்டில் இருக்கும்?

2020இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் விரிவானது. 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் இறப்புகள், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000. அவற்றில் 94 சதவீதம் கிராமப்புறத்தில். பாதி இறப்புகள் ஜூன் முதல் செப்டம்பருக்குள். கொள்கை வகுப்பவரிடம் பேசும்போது மொத்த எண்ணைவிட இந்தப் பிரிவுகள்தான் கைகொடுக்கும். ‘நிறையப் பேர் சாகிறார்கள்’ என்றால் அனுதாபம் கிடைக்கும். ‘மே மாதம் முடிவதற்குள் கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் விஷமுறிவு மருந்து இருக்க வேண்டும்’ என்றால் அதற்கு ஒரு அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.

கணக்கில் விடுபடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது பாம்பின் இயல்பிலேயே இருக்கிறது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கடிக்கும். வலி அதிகம் இருக்காது, கடிவாயும் சரியாகத் தெரியாது. விடியும்போது வயிற்று வலி, கண் இமை சொருகல், அப்புறம் மூச்சுத்திணறல். பாம்பைப் பார்த்தவர் யாரும் இல்லாததால் ‘தூக்கத்திலேயே போய்விட்டார்’ என்று ஊர் முடிவு கட்டிவிடும். அதிகாலையில் இப்படி ஒருவர் வந்தால் பாம்புக்கடியாக இருக்குமோ என்று சந்தேகப்படுவது சிகிச்சைக்கும் முக்கியம், கணக்குக்கும் முக்கியம்.

மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களும் காகிதத்தில் தொலைகிறார்கள். இறப்புக் காரணச் சான்றிதழில் ‘இதயமும் மூச்சும் நின்றன’ என்று எழுதப்பட்டிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். எல்லா இறப்பிலும் இதயம் நிற்கத்தான் செய்யும், அது காரணம் ஆகாது. சிறுநீரகம் செயலிழந்தது என்று எழுதினால்கூட, அதற்கு அடிப்படையான கண்ணாடி விரியன் கடி கீழ்வரியில் இடம்பெற வேண்டும். அந்த வரி காலியாக இருந்தால் அந்த மனிதர் சிறுநீரக நோய்க் கணக்கில் சேர்ந்துவிடுவார். வேலை நெருக்கடியில் இருக்கும் இளம் மருத்துவர்கள்மீது இதற்காகக் கோபப்பட எனக்கு மனம் வருவதில்லை. அந்த வரி எங்கே போகிறது, என்ன ஆகிறது என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

அதேபோல ரெஃபர், அதாவது மேல்மருத்துவமனைக்கு அனுப்புவது. ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி என்று ஒரே நோயாளி மூன்று இடத்தில் பதிவாவார். கடிபட்டவர் எண்ணிக்கை மூன்றாக வீங்கும். வழியில் இறந்தால், இறப்பு மூன்றிலும் வராமல் போகலாம்.

நிலைமை மாறி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் இறப்புகளைப் பாதியாகக் குறைக்கும் இலக்குடன் 2024 மார்ச்சில் இந்திய அரசு தேசிய செயல்திட்டத்தை வெளியிட்டது. கர்நாடகத்தை அடுத்து, தமிழ்நாடும் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. கடியையும் இறப்பையும் அரசு மருத்துவமனைகள் மட்டுமல்ல, தனியார் மருத்துவமனைகளும் தெரிவித்தாக வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கட்டாயப் பதிவு வந்தால் முதல் சில ஆண்டுகளில் எண்ணிக்கை கூடும். ‘பாம்புக்கடி அதிகரிப்பு’ என்று செய்தி வரும், ஒழுங்காகப் பதிவு செய்த மாவட்டத்தின் அதிகாரி ‘உங்கள் மாவட்டத்தில் மட்டும் ஏன் இவ்வளவு?’ என்ற கேள்விக்கு ஆளாவார். அப்படி ஒரு முறை நடந்தால் போதும், அடுத்த ஆண்டு எண் தானாகக் குறைந்துவிடும். கூடிய எண்ணைக் கண்டு பாராட்டும் பழக்கம் சுகாதாரத் துறைக்கும் பத்திரிகைகளுக்கும் வர வேண்டும் என்று நான் போகிற கூட்டங்களில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிழைத்தவர்களைப் பற்றியும் கணக்கு வேண்டும். விரல் இழந்தவர், கால் இழந்தவர், டயாலிசிஸில் இருப்பவர் என்று விவசாயக் கூலிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பியதோடு பதிவேடு அவர்களை மறந்துவிடுகிறது.

மருந்திலும் இதே சிக்கல் உண்டு. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதியைத் தருவது, 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அந்த மக்களின் திறமைக்கு நாடே கடன்பட்டிருக்கிறது. ஆனால் ஒரே இனப் பாம்பின் நஞ்சும் பகுதிக்குப் பகுதி மாறும், அதனால் ஓரிடத்து நஞ்சில் தயாரான மருந்து வேறிடத்தில் அதே அளவு பலன் தராமல் போகலாம். எந்த மாவட்டத்தில் ஒரு நோயாளிக்கு எத்தனை குப்பி செலவாகிறது என்ற தரவு இருந்தால்தான், அந்தந்தப் பகுதி நஞ்சைக் கொண்டு மருந்து தயாரிக்கச் சொல்லி அழுத்தமாகக் கேட்க முடியும்.

உங்கள் ஊரில் தொடங்க விரும்பினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள். சென்ற ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் எத்தனை குப்பி வந்தது, எத்தனை பயன்பட்டது, மருந்து போடாமலே மேல்மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று மாதவாரியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.